ஐந்தாவது பிளாக்

சைட்டில் அவருக்குப் பெயர் ஆகாசம். அடையாள அட்டையில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். இருபத்தாறு வருஷமாக டவர் கிரேன் ஓட்டுகிறவர். காலை ஆறரைக்கு வேலையாட்கள் லிஃப்டில் ஏறி, அது நிற்கும் மாடியிலிருந்து ஏணி பிடித்து, இரும்புச் சட்டங்களுக்குள் புகுந்து கண்ணாடிக் கூண்டுக்குப் போய்விட்டாரென்றால் சாயங்காலம்தான் தரையைத் தொடுவார். சாப்பாடு, தண்ணீர் எல்லாம் கூடவே ஏறும். மற்றதற்கு என்ன செய்வார் என்று கேட்காதீர்கள், அதற்கும் ஒரு பாட்டில் உண்டு.

அவர் மனைவி பஸ் கண்டக்டர். கண்டக்டராக இருந்தவர் என்று சொல்ல வேண்டும். பதினாலாம் நம்பர் பஸ்ஸில் பத்தொன்பது வருஷம். நாற்பத்தொரு நிறுத்தங்களையும் முன்னிருந்து பின்னாகவும் பின்னிருந்து முன்னாகவும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். நடக்கிற பஸ்ஸில் தலைகளை எண்ணி, டிக்கெட் வாங்காதவர் யாரென்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் மூன்று வருஷத்துக்கு முன்னால் பயணிகளின் காலை மிதிக்க ஆரம்பித்தார். பக்கத்திலிருந்து நீண்ட கைகள் அவர் கண்ணில் படவில்லை. ஒருநாள் ஒரு முதியவர் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நிற்கும்போதே விசில் கொடுத்துவிட்டார். முதியவர் விழுந்து முழங்கை உடைந்தது. கண்டக்டரம்மா அன்று மதியமே தோள்பையைக் கழற்றி டிப்போ மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

பார்வை ஓரங்களிலிருந்து மூடிக்கொண்டு வருகிறது, நடுவில் ஒரு வட்டம் மட்டும் மிச்சமிருக்கிறது, அதுவும் ஒருநாள் மூடிவிடும், இதற்கு மருந்தில்லை. இப்படித்தான் டாக்டர் ஆகாசத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஆகாசம் வெளியே வந்து என்ன செய்தார் தெரியுமா? "கண்ணாடி பவர் மாத்தணுமாம்" என்று ஒரு பொய்யைச் சொன்னார். மூன்று வாரம் அந்தப் பொய் ஓடியது. கண்டக்டரம்மா தானாகவே இன்னொரு டாக்டரிடம் போய் உண்மையைத் தெரிந்துகொண்டு வந்தார். இரண்டு நாள் புருஷனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"எதுல வேணா பொய் சொல்லுங்க. கண்ணு விஷயத்துல மட்டும் வேண்டாம். நாளைக்கு எனக்கு உங்க வாய்தான் கண்ணு. அந்தக் கண்ணும் பொய் சொல்லுச்சுன்னா நான் எங்க போவேன்?"

ஆகாசம் சாப்பாட்டில் கை வைக்காமல் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் அவர் பொய் சொன்னதில்லை.

ஆகாசம் இந்தக் கட்டட வேலைக்கு வந்த பிறகு கண்டக்டரம்மாவுக்கு ஒரு ஆசை பிடித்துக்கொண்டது. காரணம் இருக்கிறது. நாற்பத்திரண்டு மாடி, கூண்டிலிருந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும். அவர்கள் குடியிருப்பின் ஏழு பிளாக்குகளும் இரண்டு தெரு தள்ளித்தான், வீடு ஐந்தாவதில். வீட்டு மொட்டைமாடி புருஷனுக்குத் தினமும் தெரிகிறது, தனக்கு மட்டும் அவர் உட்காரும் இடம் தெரியாது என்பது அவரை அரித்தது.

"பத்தொன்பது வருஷம் இந்த ஊரைச் சுத்திச் சுத்தி வந்தேன். மொத்தமா ஒரு தடவை பாக்கல. கண்ணு மூடறதுக்குள்ள நீங்க பாக்கறதை நான் பாத்துடணும்."

ஏணி ஏறுவது நடக்காத காரியம். ஆகாசம் மொபைலில் முப்பது படம் எடுத்துக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். கண்டக்டரம்மா மூக்கு முட்டப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதெல்லாம் துண்டு துண்டா இருக்குங்க. எனக்கு ஏற்கெனவே துண்டு துண்டாத்தான் தெரியுது. ஒரே படமா வேணும். நீளமா. அப்பதான் இங்கேருந்து அங்க நகந்து போகலாம், பஸ்ல போற மாதிரி."

ஆகாசத்துக்குப் படம் பிடிப்பது பற்றி ஒரு மண்ணும் தெரியாது. மொபைலிலேயே நீளப் படம் எடுக்கும் வசதி இருப்பதைக் கண்டுபிடித்து, சாப்பாட்டு நேரத்தில் கூண்டிலிருந்தபடி கையைச் சுழற்றி ஒன்று எடுத்தார். கிரேன் நின்றாலும் நிற்காது; காற்றில் லேசாக ஆடிக்கொண்டேதான் இருக்கும். அதை அவர் உடம்பு எப்போதோ மறந்துவிட்டது, மொபைல் மறக்கவில்லை. அந்தப் படத்தைத் தெருமுனையில் பேனர் அச்சடிக்கும் கடைக்கு எடுத்துப் போனார். கடைக்காரப் பெண்ணை ஊரே பேனரக்கா என்றுதான் கூப்பிடும். பன்னிரண்டு வயது மூத்த ஆகாசமும் அப்படியே கூப்பிட்டார். அந்தம்மா முன்பு வீடு விற்பவர்களுக்காகப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். ஆகாசத்தின் படத்தைத் திரையில் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"என்ன சார், ஊரைப் புழிஞ்சு காயப் போட்டிருக்கீங்க?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர் பேனரக்காதான். "இப்படி இல்ல சார்" என்று ஆரம்பித்ததோடு சரி, ஆகாசம் அவரை விடவில்லை. கடையின் பழைய கேமரா ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டார். தினமும் வேலை முடிந்ததும் கடையில் வந்து நிற்பார். கேமராவைக் குத்தாகப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் பாதி இருக்க வேண்டும். அந்தப் பாதியை வைத்துத்தான் கம்ப்யூட்டர் ஒன்றோடொன்றைப் பொருத்தும். முதல் தடவை கேமரா தன்னிஷ்டத்துக்கு வெளிச்சம் கூட்டிக் குறைக்க, வானம் பாய் விரித்த மாதிரி பட்டை பட்டையாக வந்தது. வெளிச்சத்தை ஒரே அளவில் பூட்ட வேண்டும் என்று அப்புறம் தெரிந்தது. இரண்டாம் தடவை பூட்டினார். நடுவில் மேகம் வந்து பாதி ஊரை இருட்டாக்கியது. மூன்றாம் தடவை லென்ஸில் அவர் கட்டைவிரல் ரேகை. பேனரக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போதுதான் ஆகாசத்துக்கு ஒரு யோசனை. கேமராவை எதற்குக் கையால் திருப்ப வேண்டும்? கூண்டின் பக்கவாட்டுக் கம்பியில் அதை இறுக்கிக் கட்டிவிட்டுக் கிரேனையே திருப்பினால் போயிற்று! எத்தனை பாகை திரும்பியது என்று கூண்டுத் திரையே காட்டும். பதினைந்து பாகைக்கு ஒன்றாக இருபத்து நான்கு படம், ஊர் ஒரு சுற்று.

"உலகத்துலயே பெரிய ஸ்டாண்டு எங்கிட்டதான் இருக்கு அக்கா" என்று பெருமையடித்துக்கொண்டார்.

"ஸ்டாண்டு பெருசுதான். ஆனா லென்ஸு நடுவுல இல்லையே சார். கூண்டு ஓரமால்ல தொங்குது? பக்கத்துல இருக்கற பொருளெல்லாம் எடம் மாறித் தெரியும், பாருங்க."

சொன்ன மாதிரியே அந்தக் கட்டடத்தின் உச்சித் தூண்கள் வெட்டி வெட்டி விழுந்திருந்தன. ஆகாசம் அசடு வழிந்தார். ஆனால் தூரத்து ஊர் துளிகூடப் பிசகாமல் சேர்ந்திருந்தது. லென்ஸைக் கொஞ்சம் நிமிர்த்தித் தூண்களை விலக்கிவிடலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. அதற்குள் கட்டடம் முடிந்து, கிரேனைக் கழற்றும் தேதியும் வந்துவிட்டது.

கழற்றும் ஆட்கள் எட்டு மணிக்கு ஏறுவார்கள். அதற்கு முன்னால் பாரமில்லாமல் ஒரு சுற்றுச் சுற்ற என்ஜினியர் சம்மதித்தார். கண்டக்டரம்மா அதைக் கேட்டதும் ஒற்றைக் காலில் நின்றார்.

"ஊரே இருக்கற படத்துல நான் மட்டும் இல்லாம எப்படி? நான் மொட்டைமாடில நிப்பேன். நம்ம ஜன்னல் மஞ்சள் ஸ்கிரீன் துணியைக் கையில பிடிச்சுக்கறேன். நம்ம பக்கம் வரும்போது ஹாரன் அடிங்க, உங்களைப் பாத்துக் காட்டறேன்."

காலை ஏழேகாலுக்கு எண்பத்தெட்டுப் படிகளை எண்ணிக்கொண்டே தனியாக மாடி ஏறினார். ஏழரைக்கு ஆகாசம் முதல் படத்தை எடுத்தார். பதினைந்து பாகை திருப்ப வேண்டும், பிரேக் போட வேண்டும், கிரேனின் நீளக்கை ஆட்டம் அடங்கும்வரை பத்து எண்ண வேண்டும், அப்புறம் ஒரு கிளிக். கீழே நின்று சைகை காட்டும் சிக்னல்காரர் வாக்கிடாக்கியில் விடாமல் பேசினார்.

"ஆகாசம், என்னய்யா, சாமி சுத்துறியா? எனக்கும் சேத்து ஒரு சுத்து சுத்து."

"வாயை மூடு, எண்ணிக்கை தப்புது" என்றார் ஆகாசம். பதினாறாவது படம் வந்தபோது ஹாரனை அழுத்தினார், பத்து எண்ணினார், எடுத்தார், திருப்பினார். இருபத்து நான்கும் முடியவும் மேகம் வரவும் சரியாக இருந்தது. மறுநாள் சாயங்காலம் அந்தக் கூண்டு லாரியில் படுத்திருந்தது.

பேனரக்காவின் கம்ப்யூட்டர் இருபத்து நான்கையும் வாங்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உறுமியது. பிறகு ஊர் ஒரே நாடாவாகத் திரையில் விரிந்தது. இருவரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒட்டு தெரிகிறதா என்று பார்த்தார்கள். ஒரு மூலையிலும் தெரியவில்லை. பிளாக்குகளின் வரிசையில் ஒரு மஞ்சள் புள்ளியும் இருந்தது. "அதோ, எங்க வீட்டம்மா" என்று ஆகாசம் குழந்தை மாதிரி கை காட்டினார். பேனரக்கா அன்றைக்கே பதினாலு அடி நீளத்துக்கு அச்சடித்துக் கொடுத்தார்.

கூடத்துச் சுவர் போதவில்லை. படம் மூலை திரும்பிப் படுக்கையறை வாசல்வரை போயிற்று. கண்டக்டரம்மாவின் பார்வையில் அப்போது ஒரு வளையல் அளவுக்கு இடம் மிச்சமிருந்தது. அந்த வளையலைப் பஸ் டிப்போவில் வைத்தார். அங்கிருந்து விரலை முன்னால் விட்டுக் கண்ணைப் பின்னால் நகர்த்திப் பதினாலாம் நம்பர் தடத்திலேயே போனார். ஒரு நாளில் முடிக்கவில்லை. மூன்று சாயங்காலம் போனார்.

"ஏங்க, கோர்ட்டு மதிலுக்குப் பின்னாடி குளமா இருக்கு? அட! பத்தொன்பது வருஷம் அந்த மதிலை ஒட்டித்தான் போனேன், எனக்குத் தெரியாதுங்க!"

ஆகாசம் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று நாளும் அவர் வாழ்க்கையில் நல்ல நாட்கள். மூன்றாம் நாள் விரல் பிளாக்குகளுக்கு வந்து சேர்ந்தது. நகர்ந்தது, திரும்பி வந்தது, மறுபடி நகர்ந்தது.

"ஆறுதாங்க இருக்கு."

"என்ன ஆறு?"

"பிளாக்கு. நாலுக்கு அப்புறம் ஆறு வந்துடுச்சு. அஞ்சு எங்க? வாசல்ல இருக்கற பஸ் ஸ்டாப்பும் காணோம்."

"மஞ்சள் துணி இருக்கு பாரு, அதான் நீ."

கண்டக்டரம்மா மூக்கைச் சுவரில் ஒட்டினார். "இது கொடியில தொங்குது. நான் என்ன கொடியிலயா தொங்கினேன்? இது நாலாவது பிளாக்குக்காரங்க போர்வை."

ஆகாசம் எழுந்து எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். வாரக்கணக்கில் ஒட்டுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததில் சொந்த வீடு இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. இரண்டு வருஷம் தினமும் மேலிருந்து பார்த்த மனுஷனுக்குத் தெரியாதது, வளையல் அளவுப் பார்வைக்குத் தெரிந்துவிட்டது. செருப்பைக்கூடப் போடாமல் பேனரக்கா கடைக்கு ஓடினார்.

விஷயம் இதுதான். ஏழு பிளாக்கும் ஒரே அச்சு. ஒரே ஜன்னல், ஒரே குழாய், ஒரே தண்ணீர்த் தொட்டி. நாலாவதின் ஜன்னல்களையும் ஐந்தாவதின் ஜன்னல்களையும் ஒன்றென்று நினைத்துக் கம்ப்யூட்டர் ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டு மூடிவிட்டது. மிச்சத்தை அங்கே இழுத்து இங்கே நெளித்துச் சரிக்கட்டிவிட்டது. ஆனால் பதினாறாவது படத்தில் ஐந்தாவது பிளாக் முழுசாக இருந்தது. பேனரக்கா அதைப் பெரிதாக்கிக் காட்டினார். மொட்டைமாடியில் மஞ்சள் துணி, அதைத் தூக்கிப் பிடித்த இரண்டு கைகள்.

அவர் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக இருந்தது. கூந்தல். கண்டக்டரம்மா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

பேனரக்கா திரையைப் பழைய அளவுக்குச் சுருக்கி, "சின்னதாத்தானே சார் இருக்கும், யாருக்குத் தெரியப் போகுது" என்றார்.

படத்தைச் சரிசெய்யக் கம்ப்யூட்டரை நம்பிப் பயனில்லை. இந்தப் படத்தில் இருக்கும் இந்த இடமும் அந்தப் படத்தில் இருக்கும் அந்த இடமும் ஒன்று என்று மனுஷன்தான் புள்ளி வைத்துச் சொல்ல வேண்டும். ஜன்னலில் வைத்தால் மறுபடி குழப்பம். மற்ற பிளாக்கில் இல்லாத பொருளாகத் தேட வேண்டும். ஆகாசம் தேடினார். ஐந்தாவது பிளாக்கில் மூன்றாம் மாடிக் காரை விரிசல், ஆறாவதின் உடைந்த குழாய், யாரோ மாடியில் மறந்துவிட்ட சைக்கிள். புதிய சைட் ஊரின் அந்தக் கோடியில் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கடைக்கு வர முடிந்தது. ஒரு பக்கம் புள்ளி வைத்தால் கோர்ட்டுக் குளம் நெளியும்; அதைச் சரிசெய்தால் டிப்போ நெளியும். நாலு மாதம் ஆயிற்று.

வளையல் காத்திருக்குமா? காசு அளவாயிற்று. பிறகு ஒருநாள் காலை, ஆகாசம் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கண்டக்டரம்மா கூடத்தில் சுவருக்கு எதிரே நின்றுகொண்டு கேட்டார்.

"படத்தைச் சுவத்துலேருந்து எடுத்துட்டீங்களா?"

படம் அங்கேயேதான் இருந்தது. அவர் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி. "இல்லம்மா, இருக்கு" என்றார் ஆகாசம். பொய் சொல்வதில்லை என்று பேச்சு. கண்டக்டரம்மா கையை நீட்டித் தொட்டுப் பார்த்தார். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்று ஆகாசம் வேலைக்குப் போகவில்லை.

அந்த ஞாயிறு அவர் கடைக்கும் போகவில்லை. யாருக்காக இனிமேல் என்று கட்டிலில் கிடந்தார். கண்டக்டரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அவர் காலைத் தட்டினார்.

"கடைக்குப் போகலையா?"

"வேணாம் விடு."

"நல்லா இருக்கே! நான் அங்க நிக்கிறேன் இல்ல? என்னை மாடிலயே விட்டுட்டு வந்துடுவீங்களா? போய் முடிச்சுக் கொண்டாங்க."

போனார். இன்னும் இரண்டு ஞாயிறு ஆயிற்று. பிளாக்குகள் ஏழும் வரிசையாக வந்து நின்றன. பழைய படத்தை இறக்கிவிட்டுப் புதியதைச் சுவரில் ஒட்டியதும், கண்டக்டரம்மா குளித்துத் தலை பின்னிக்கொண்டு வந்து டிப்போ இருக்கும் ஓரத்தில் நின்றார். விரலை வைக்கச் சொல்லிக் கையைக் கொடுத்தார். ஆகாசம் அந்தக் கையைப் பிடித்து மெல்ல நகர்த்தினார். விரல் நகர நகரக் கண்டக்டரம்மா பஸ்ஸில் நிற்கிற குரலில் நிறுத்தங்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். "மார்க்கெட். பாலம். பாலம் எறங்கறவங்க முன்னாடி வாங்க. கோர்ட்டு." கோர்ட்டு வந்ததும், "பின்னாடி குளம்" என்று சேர்த்துக்கொண்டார். அது அவர் கண்ணால் பார்த்தது.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு" என்று ஆகாசம் எண்ணினார். "அஞ்சு. இங்கதான் நீ நிக்கிற."

விரல் அங்கேயே நின்றது. அரிசி அளவு இடம்தான் அது.

"துணி தெரியுதா?"

"நல்லா தெரியுது. ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சிருக்க."

"நான் எந்தப் பக்கம் பாத்துட்டு நிக்கிறேன்?"

இந்தக் கேள்வி வரும் என்று நாலு மாதமாக ஆகாசத்துக்குத் தெரியும். 'என்னைப் பாத்துத்தான்' என்று நாலு மாதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தார்.

"முதுகுதாம்மா தெரியுது."

கண்டக்டரம்மாவின் விரல் அந்த இடத்தை ஒரு தடவை தடவியது.

"ரெண்டு ஹாரன் கேட்டுச்சு" என்றார் பிறகு. "ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடி. பின்னாடி இருக்கற கண்ணாடிக் கட்டடத்துல பட்டுத் திரும்பி வந்ததா இருக்கும். நான் ரெண்டாவதை நம்பித் திரும்பிட்டேன். அடப் பாவமே, நாப்பது நிமிஷம் நின்னு யாருக்கோ துணி காட்டிட்டு வந்திருக்கேன்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "போகட்டும். நீங்களாவது பாத்தீங்க இல்ல, மேலேருந்து? அன்னிக்கு நான் நின்னதை?"

இதை ஆகாசம் எதிர்பார்க்கவில்லை. ஹாரன், பிரேக், திரையில் பாகை, ஒன்று, இரண்டு, மூன்று. தலையைத் திருப்பினாரா? நினைவைக் குடைந்து பார்த்தார். திருப்பவில்லை.

"இல்லம்மா. கிரேன் ஆட்டம் நிக்கட்டும்னு பத்து எண்ணிட்டிருந்தேன். கேமராதான் பாத்துச்சு. நான் பாக்கல."

சொல்லிவிட்டு அழுதார். ஐம்பத்தைந்து வயசு மனுஷன், மனைவியின் விரலை ஒரு காகிதத்தின்மேல் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். கண்டக்டரம்மா மறு கையால் அவர் தோளைத் தேடிப் பிடித்தார்.

"சரி, இப்ப பாருங்க. அவசரமில்ல. பாத்துச் சொல்லுங்க, எப்படி நிக்கிறேன்?"

ஆகாசம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூக்கு சுவரில் படக் குனிந்தார்.

"துணி காத்துல அடிக்குது. உன்னால பிடிக்க முடியல, இருந்தாலும் விடல. குதிகாலைத் தூக்கிட்டு நிக்கிற" என்றார். "சடை எடது பக்கம் வந்து கெடக்கு."

கண்டக்டரம்மா இடது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ம்" என்றார். "அப்புறம்?"